சடையை இழுத்துப் பார்த்த கை

என் மருமகள் தாலியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தபோது அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கம்மலைக் கழற்றினாள். மெட்டியைக் கழற்றினாள். கழுத்தில் கிடந்த செபமாலையை முத்தமிட்டு அதையும் கொடுத்தாள். எல்லாவற்றையும் என் முந்தானையில் வைத்து முடிந்துகொண்டேன். ஸ்கேன் எடுக்கிற மலையாளத்துப் பெண் கடைசியாக அவள் பின்னந்தலையில் விரலை விட்டுப் பார்த்தாள். அப்போதுதான் என் மருமகள் கத்தினாள்.

"தொடாதீங்க!"

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் கையை எடுக்கவில்லை. முடியை விலக்கி உற்றுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மச்சீ, இது ஒட்டிச்ச முடியாக்கும். உள்ள முழுக்க மெட்டல். இதோட உள்ள விடான் பற்றில்ல, முடியாது."

எனக்கு முதலில் புரியவில்லை. மலையாளம் புரியாமல் இல்லை. ஆனைக்கரையில் பிறந்து ஏலக்காட்டிலேயே கிடந்தவளுக்கு அது புரியாமல் போகுமா? எங்கள் வீட்டு மருமகள் தலையில் ஒட்டுமுடி என்பதுதான் புரியவில்லை.

அன்றைக்கு நாங்கள் கட்டப்பனைக்குச் சும்மா போகவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் காயெடுக்கப் போன இடத்தில் இவள் விழுந்தாள். கை கால் வெட்டி இழுத்து, பல் கிட்டிப்போய், வாயில் நுரை. ஏலச்செடி மூட்டில் உட்கார்ந்து காய் பறித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். இரண்டாவது தடவை சரிவில் விழுந்தாள். தலைக்கும் பாறைக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. டாக்டர் ஏதோ ஒரு மாத்திரை கொடுத்துவிட்டு, தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மேற்கொண்டு மருந்து கொடுக்க முடியாது, நாள் கடத்த வேண்டாம் என்றார். அன்றைக்கு விட்டால் மெஷினை ரிப்பேருக்கு நிறுத்துகிறார்கள், இன்னும் பத்து நாளாகும் என்று ஸ்கேன் சென்டரில் சொல்லியிருந்தார்கள். பத்து நாளில் எத்தனை சரிவு, எத்தனை பாறை. என் மகன் ஜீப் ஓட்டுகிறவன். எங்களை வாசலில் இறக்கிவிட்டு, மதியத்துக்கு மேல் வருகிறேன் என்று சவாரிக்குப் போய்விட்டான்.

"காலையில ஃபார்ம் வாசிச்சப்ப முடியில் ஏதும் உண்டோன்னு கேட்டதல்லே? இல்லன்னு சொன்னாங்களே" என்றாள் அந்தப் பெண். அவள் சொன்னது சரி. ஒவ்வொரு கேள்வியாக வாசித்தாள், இவள் ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்றாள். பக்கத்தில் நானும் இல்லை என்று தலையாட்டினேன். "மெஷின் பெரிய காந்தமாக்கும் அம்மச்சீ. சூடாகித் தலை பொள்ளிப்போனா யாரு பதில் சொல்லும்? நான் கத்திரி தரேன். வெட்டிட்டா ரெண்டு மினிட்டு."

"வெட்டக் கூடாது" என்றாள் மருமகள். "ஸ்கேனே வேணாம். நான் வீட்டுக்குப் போறேன்."

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. "உனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு? உசுரு பெருசா, முடி பெருசா?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"நீங்க கேக்குறீங்களா அத்தை? பூ வைக்க வந்தன்னைக்கு என்னத்த இழுத்துப் பாத்தீங்க? என் உசுரவா?"



இழுத்தது உண்மை. எங்கள் பக்கத்தில் பூ வைக்கப் போகிற மாமியார்கள் எல்லாரும் செய்கிறதுதான். பூவைச் சடையில் செருகுகிற சாக்கில் சடையை அடியில் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பது. சவுரி வைத்திருந்தால் கையோடு வந்துவிடும். நான் கொஞ்சம் பலமாகவே இழுத்தேன். பெண் தலையைப் பின்னால் சாய்த்து, ஸ் என்றாள். முடி வரவில்லை. "சொந்த முடிதான்" என்று போடியில் அவர்கள் வீட்டு முற்றத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அவளுடைய அம்மா சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை என்பது எனக்கு ஸ்கேன் சென்டரில் நிற்கும்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

போன வருடம் அவளுக்கு டைபாய்டு வந்தது. முடி கொத்துக் கொத்தாகப் போனது. தாய்வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தாள். வரும்போது தலை நிறைய முடி. போகும்போது நான் கறிவேப்பிலையும் கரிசலாங்கண்ணியும் போட்டுக் காய்ச்சின எண்ணெய் ஒரு போத்தல் கொடுத்து அனுப்பியிருந்தேன். அந்த எண்ணெய்தான் வேலை செய்தது என்று எஸ்டேட் லயத்தில் ஒரு வீடு விடாமல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்களைக் கோயில் படியில் நிறுத்தி வைத்தும் சொன்னேன். இரண்டு மூன்று பேர் என்னிடம் எண்ணெய் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆனால் சனிக்கிழமை தோறும் நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனால் இவள் தலையைக் காட்டமாட்டாள். நானே தேய்த்துக்கொள்கிறேன் அத்தை என்பாள். என் கை அவள் தலையில் படக்கூடாதாம் என்று நான் மனதில் வைத்துக்கொண்டேன். மாதக்கணக்கில் அவளிடம் நல்லபடியாக ஒரு வார்த்தை பேசவில்லை.

உடை மாற்றுகிற சின்ன அறையை அந்த ஸ்கேன் பெண் எங்களுக்குத் திறந்துவிட்டாள். நல்ல மனசுக்காரி. "உங்களுக்குப் பிறகு அஞ்சு பேர் உண்டு. அவங்களை முதல்ல எடுக்கலாம். அது கழிஞ்சா மெஷின் ஆஃப் ஆக்கும். அதுக்குள்ள பாருங்க" என்று கத்திரியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மருமகளை ஸ்டூலில் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு, அவள் கொண்டையை அவிழ்த்தேன்.

கொண்டை அவிழவில்லை. உச்சியிலிருந்து ஒரு விரல் நீளம்தான் முடி முடியாக இருந்தது. அதற்குக் கீழே எல்லாம் ஒரே கட்டி. மழையில் நனைந்து காய்ந்த சாக்கு மாதிரி. பிடரிப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சடை பிடித்திருந்தது. அதற்குள்ளே விரல் பட்ட இடமெல்லாம் மிளகு அளவில் சின்னச் சின்ன வளையம். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் அவள் முடி ஒரு கொத்து, கடையில் வாங்கின முடி ஒரு கொத்து, சேர்த்து வைத்து நசுக்கிவிட்டிருந்தார்கள்.

"எப்படித்தா இப்படி ஆச்சு?"

"ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வரணும்னு பார்லர்ல சொன்னாங்க. கழட்டி, மேல ஏத்திப் போடணுமாம். நான் போடிக்குப் போகணும்னு கேட்டேன். காயெடுப்பு நேரத்துல தாய்வீடு என்ன தாய்வீடுன்னீங்க."

சொன்னேன்தான்.

"ஈரமும் ஆகக் கூடாதுன்னாங்க. மழைக்குள்ள காயெடுக்குறவளுக்கு ஈரம் ஆகாம எப்படி?"

காலையில் தலையில் பிளாஸ்டிக் தாளைக் கட்டினால் சாயங்காலம்தான் அவிழ்ப்போம். உள்ளே வேர்வையும் மழையும் சேர்ந்து தலை அவிந்துபோகும். திரும்பி வரும்போது காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் அனல் வரும் பக்கம் முதுகைக் காட்டி நின்றால் கால் மணி நேரத்தில் முடி காய்ந்துவிடும். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் காயவைத்தோம். இவளும் நின்றாள், நானே பார்த்திருக்கிறேன். சொந்த முடி அந்த அனலைத் தாங்கும். கடையில் வாங்கின முடி வெந்து சுருண்டு, சொந்த முடியையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருக்கிறது.

வளையத்தைத் திறக்கக் குறடு வேண்டும். மகன் ஜீப்பில் இருக்கும், ஜீப் இல்லை. கீழே இறங்கி ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டேன். ஒரு ஆட்டோக்காரர் மூக்குக் குறடு ஒன்றைக் கிரீஸோடு எடுத்துக் கொடுத்து, "வண்டி ஏதும் நின்னுபோச்சாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். பக்கத்துப் பெட்டிக்கடையில் சின்னப் போத்தல் தேங்காயெண்ணெய் வாங்கினேன். படியேறி வருவதற்குள் மூச்சு இரைத்தது. ஐந்து பேரில் ஒருவர் உள்ளே போய்விட்டிருந்தார்.

"இடது கையால என் சேலைக் கொசுவத்தப் புடிச்சுக்க" என்றேன்.

"எதுக்கு?"

"சும்மா புடி."

இரண்டு தடவையும் விழுவதற்கு முன்னால் இடது கைப் பெருவிரல் துடித்தது என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அவள் பின்னால் நிற்கிற எனக்கு விரல் தெரியாது. சேலை ஆடினால் தெரியும்.

சிக்கை மேலிருந்து எடுக்கக் கூடாது. நுனியில்தான் தொடங்கவேண்டும். சீப்பைத் தொடவே கூடாது. எண்ணெயை ஊற்றக் கூடாது, விரலில் தொட்டுச் சிக்கின் நடுவில் வைக்கவேண்டும். பிறகு கட்டிக்கு மேலே முடியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கை இரண்டு விரலால் ஒரு முடி, இரண்டு முடி என்று பக்கவாட்டில் இழுக்கவேண்டும். கீழ்நோக்கி இழுத்தால் முடிச்சு இறுகும். அப்படி ஒரு கொத்துப் பிரிந்ததும் வளையம் வெளியே தெரியும். அதைக் குறடால் குறுக்கே அமுக்கினால் வாய் திறக்கும், வழுக்கிக்கொண்டு வரும். முதல் வளையம் வந்தபோது பேப்பரில் வைத்தேன். நாற்பதுக்கு மேல் இருக்கும் என்றாள் மருமகள்.

"அம்மச்சீ, இனி மூணு பேர்" என்று கதவைத் தட்டிவிட்டுப் போனாள் அந்தப் பெண்.

ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது. என் விரல் நுனி எல்லாம் எரிந்தது. கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்து நெற்றி வலித்தது. நடுவில் ஒரு தடவை அவசரத்தில் இழுத்துவிட்டேன், தலை அப்படியே பின்னால் வந்தது. அவள் ஸ் என்றாள். அன்றைக்குப் பூ வைக்கும்போது கேட்ட அதே சத்தம்.

"வலிச்சுருச்சாத்தா?"

"பழகிப்போச்சு" என்றாள். குத்திக் காட்டினாளா, சாதாரணமாகச் சொன்னாளா தெரியவில்லை. இன்னொரு வளையம் பேப்பரில் விழுந்ததும், "அத்தை, நீங்க இவ்வளவு பக்குவமா எடுக்குறீங்களே, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"காய்க்கூடைக் கயிறு பிரிச்ச கைதான" என்றேன்.

பொய். எனக்கு அது தெரிந்தது சவுரியால். பதினெட்டு வருடமாக நான் சவுரி வைத்துக் கொண்டை போடுகிறேன். அது என் தலையிலிருந்து உதிர்ந்த முடிதான். சீப்பில் வந்ததைச் சுருட்டிச் சுருட்டிச் சேர்த்து, சவுரி கட்டுகிறவளிடம் கொடுத்துக் கட்டினது. உதிர்ந்த முடியில் வேர்ப்பக்கம் எது, நுனிப்பக்கம் எது என்று பார்க்க முடியாது. எல்லாம் தலைகீழாகக் கலந்திருக்கும். அதனால் அது சும்மா இருந்தாலே சிக்கிக்கொள்ளும். வாரம் ஒருமுறை அறைக்கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, கட்டில்காலில் கட்டி வைத்து, எண்ணெய் தொட்டு, நுனியிலிருந்து பிரிப்பேன். செத்துப்போன என் வீட்டுக்காரருக்குத் தெரியும். மகனுக்குத் தெரியாது. வயசானாலும் தலையப் பாரு, கொண்டையப் பாரு என்று ஆனைக்கரையில் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. அந்தக் கொண்டையோடு போய்த்தான் போடியில் ஒரு பெண்ணின் சடையை இழுத்துப் பார்த்தேன்.

"இனி ஒராள்" என்றாள் அந்தப் பெண்.

அந்த நேரத்தில் என் சேலை ஆடியது.

கையை அப்படியே நிறுத்தினேன். முன்னால் சுற்றி வந்து அவள் முகத்தைப் பார்த்தேன். கண் ஒரே இடத்தில் நின்றிருந்தது. பெருவிரல் மட்டும் டக் டக் என்று துடித்தது. ஸ்டூலிலிருந்து விழுந்தால் சுவரில் தலை மோதும். அவளை இரண்டு கையாலும் என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மாதாவே மாதாவே என்றதற்கு மேல் எனக்குச் செபம் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. விரல் நின்றது. அவள் மூச்சு விட்டாள்.

"அத்தை... என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல தாயி. நான் இருக்கேன்."

மீதி வளையங்களை எப்படி எடுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடைசியில் வலது காதுக்குப் பின்னால் ஒன்று. அந்த இடத்தில் முடியும் வளையமும் ஒன்றாக இறுகிக் கல்லாகிவிட்டது. எண்ணெய்க்கும் அசையவில்லை, குறடுக்கும் பிடிபடவில்லை. கதவைத் தட்டினார்கள். நான் கத்திரியைப் பார்த்தேன், எடுக்கவில்லை. அவள் எட்டி எடுத்தாள். காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்து, தானே வெட்டினாள். சுண்டைக்காய் அளவு இடம் மொட்டையாகத் தெரிந்தது.

"போதுமா?" என்றாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

மிஞ்சின முடி தோள் வரைக்கும்கூட இல்லை. எலிவால் மாதிரி. அந்தப் பெண் தலை முழுக்க விரலை விட்டுத் தேடிப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். மெஷின் அறைக் கதவைத் திறந்தாள். உள்ளே குழாய் மாதிரி ஒரு பொந்து. மருமகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அதுக்குள்ளயா படுக்கணும்? அத்தை, நீங்களும் வாங்க."

"ஒராள் கூட நிக்கலாம்" என்றாள் அந்தப் பெண். "பட்சே அம்மச்சியும் எல்லாம் கழட்டணும். கம்மல், மாலை, கொண்டையூசி, எல்லாம்."

என் தலையில் கொண்டையூசி எட்டு. இரும்பு. அதை எடுத்தால் சவுரி நிற்காது.

"எனக்கு முழங்கால் வலி" என்றேன். "நிக்க முடியாது. நீ போ தாயி. நான் இங்க வாசல்லயே இருக்கேன்."

அவள் தலையை ஆட்டினாள். ஸ்கேனுக்கு மாட்டக் கொடுத்த பச்சை உடுப்பில், மொட்டையான இடத்தை ஒரு கையால் மூடிக்கொண்டு உள்ளே நடந்தாள். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையின் பெருவிரலை நான் பார்த்தேன். துடிக்கிறதா இல்லையா என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. குழாய்க்குள் துடித்தால் யாருக்குத் தெரியும்?

"நில்லுத்தா" என்றேன்.

முந்தானை முடிச்சையும் என் கம்மல், மாலையையும் அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, வாசலில் நின்றபடியே ஊசிகளை உருவினேன். ஆறு ஊசி வருவதற்குள் சவுரி தன் பாரத்துக்குத் தானே கழன்று என் தோளில் விழுந்து, தரையில் விழுந்தது. பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். பூனை செத்து விழுந்த மாதிரி அதைப் பார்த்தார். என் தலையில் மிஞ்சியிருந்த வெள்ளை முடி ஒரு விரல் கனம்கூட இல்லை.

மருமகள் தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தரையைப் பார்த்தாள்.

"அத்தை!"

"என்னத்தா."

"இதத் தலையில வச்சுக்கிட்டா என் சடைய இழுத்தீங்க?"

"இழுத்தேன்" என்றேன். "நட. மெஷின நிறுத்திரப் போறாக."

உள்ளே அந்தச் சத்தம் இருக்கிறதே, தகரத்தைச் சம்மட்டியால் அடிக்கிற மாதிரி. காதில் பஞ்சு வைத்தும் கேட்டது. அவள் கால் மட்டும் வெளியே இருந்தது. அசைக்கக் கூடாது, பிடிக்கலாம் என்றார்கள். இடது கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு முழுநேரமும் நின்றேன். முழங்கால் உண்மையாகவே வலித்தது.

வெளியே வந்தபோது ஜீப் வந்திருந்தது. இரண்டு பேரும் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு இறங்கி வந்தோம். மகன் பார்த்துவிட்டு, "என்னா, ரெண்டு பேரும் பூசைக்குப் போயிட்டா வாரீக?" என்றான். மருமகள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரிக்கிறாள். குறடைத் திருப்பிக் கொடுக்க ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். வண்டி சரியாயிருச்சாம்மா என்று அவர் கேட்டார். ஓடும் என்றேன்.

மூளையில் சின்னதாக ஒரு கொப்புளம் இருக்கிறது, மாத்திரையிலேயே கரைந்துவிடும், அறுக்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னார். நாள் தவறாமல் மாத்திரை சாப்பிடவேண்டும், சரிவில் தனியாகப் போகக் கூடாது. இப்போது வீட்டில் நான் காவல். அவளுக்கு இது எரிச்சல்தான். "குளிக்கப் போனாக்கூட வாசல்ல வந்து நிக்கிறீங்களே" என்கிறாள். கழற்றின அந்த ஒட்டுமுடியை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. மகன் அவள் முடியைப் பற்றிக் கேட்டதற்கு, ஸ்கேனுக்கு எடுத்தோம் என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். லயத்தில் ஒருத்தி தன் மகளுக்கு எண்ணெய் கேட்டு வந்தாள். அந்த எண்ணெயில் முடி வளராது, வேறு ஏதாவது பார் என்று அனுப்பிவிட்டேன். அவள் நான் கருமித்தனம் பண்ணுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். திரியட்டும்.

சவுரியை நான் விடவில்லை. இந்த வயதில் எதற்கு விடவேண்டும்? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்படும்போது மருமகள்தான் வைத்துவிடுகிறாள். கையைத் தூக்கிக் கட்ட எனக்கும் முன்போல் முடிவதில்லை. எட்டு ஊசியும் குத்தி முடித்தபிறகு, கொண்டையைக் கொத்தாகப் பிடித்து ஒரு இழுப்பு இழுக்கிறாள். தலை பின்னால் போகும். ஸ் என்று எனக்கே வாயில் வந்துவிடும்.

"என்னடி?"

"நிக்குதான்னு பாக்குறேன் அத்தை" என்கிறாள்.